வளர்த்த நாய் இறந்ததற்கு லீவு கேட்கலாமா?

கோவையில் ஒரு பில்லிங் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். 11 ஆண்டுகள் கூடவே இருந்த நாட்டு நாய், சிறுநீரகம் கெட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு இறந்துவிட்டது. திங்களன்று காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அலுவலகம் போய், உட்கார முடியாமல் இரண்டு தடவை பாத்ரூமில் நின்று அழுதிருக்கிறார். “நாய் செத்ததுக்கு லீவு கேட்கலாமா? சட்டத்தில் இடம் இருக்கிறதா? கேட்டால் சிரிப்பார்களோ?” இதுதான் கேள்வி.

சட்டம் மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தால் பாத்ரூமில் அழுததை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். லீவு எடுக்கிற அளவுக்கு இது ஒரு துக்கம்தானா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா என்று கேட்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். துக்கம்தான். லீவு எடுங்கள், உண்மையான காரணத்தைச் சொல்லியே எடுங்கள். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகளாக மனிதவள வேலையில் இருக்கிறேன். முதல் எட்டு ஆண்டுகள் நூற்பாலைகளின் டைம் ஆபீஸில் (வருகைப் பதிவும் லீவுக் கணக்கும் பார்க்கிற இடம்), அப்புறம் அலுவலகங்களில். நான் வக்கீல் இல்லை, மருத்துவரும் இல்லை. லீவு விண்ணப்பங்களைப் படிப்பது, ஒப்புவது, மறுப்பது, அதனால் வரும் சண்டைகளைத் தீர்ப்பது, இவைதான் எனக்குத் தெரிந்தவை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். செல்லப் பிராணி இறந்தால் விடுப்பு தர வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் கிடையாது. இன்னும் சொல்லப்போனால், பெற்ற தாய் இறந்தாலும் தனியார் ஊழியருக்கு இத்தனை நாள் துக்க விடுப்பு என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இங்கே இல்லை. பல நிறுவனங்கள் மூன்று நாள், ஐந்து நாள் தருகின்றன என்றால் அது அவர்களாக வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியில் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நாய் இருக்காது. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ‘நமக்கு இடமில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் அந்தப் பட்டியலுக்குள் போகவே தேவையில்லை.

உங்கள் அலுவலகம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947க்குள் வரும். அதன் 25ஆம் பிரிவில் மூன்று வகை விடுப்பு இருக்கிறது. ஓராண்டு வேலை முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஊதிய விடுமுறை. நோய்க்கும் விபத்துக்கும் 12 நாள் வரை. இது இரண்டும் போக, தற்செயல் விடுப்பு, அதாவது நாம் சி.எல். என்கிறோமே அது, 12 நாள் வரை. கடைசி இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உண்டு. சி.எல். எதற்கு என்று சட்டம் பட்டியல் போடவில்லை. நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் என்றுதான் சொல்கிறது. வீட்டுக் குழாய் உடைந்தால் சி.எல்., மச்சினன் நிச்சயதார்த்தத்துக்கு சி.எல்., வண்டி ஆர்.சி. மாற்ற சி.எல். 11 ஆண்டுகள் கூட வாழ்ந்த ஒரு ஜீவனைப் புதைக்கப் போவது இவற்றில் எதைவிடக் குறைந்த காரணம்?

இங்கே ஒரு கோடு போட்டுவிட வேண்டும். 12 நாள் சி.எல். சட்டத்தில் இருப்பது உறுதி. நாயின் இறப்பு ‘நியாயமான காரணம்’ என்பது என் வாசிப்பு. சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. மேலாளர் ஒருவர் மறுக்கலாம். ஆனால் இத்தனை வருடங்களில், உண்மையைச் சொல்லி ஒரு நாள் இரண்டு நாள் சி.எல். கேட்டவருக்கு மறுத்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் பொய் சொன்னவர்கள், அல்லது சொல்லாமலே நின்றவர்கள்.

படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆலையில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதிய விடுப்பு சேரும். தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் சி.எல்., மத்திய அரசு ஊழியருக்கு 8 நாள்.

இனி, பொய் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். இதைச் சொல்ல ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் ஓர் ஆலையில் டைம் ஆபீஸில் இருந்தேன். ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், வேலை பார்க்கிற ஒருவர் இரண்டு நாள் வரவில்லை. பாட்டி இறந்துவிட்டதாக ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். அதே பாட்டிக்கு முந்தைய வருடமே அவர் லீவு எடுத்திருந்தது ரிஜிஸ்டரில் இருந்தது. நான் விசாரிக்கக்கூட இல்லை, மெமோ கொடுத்துவிட்டேன். அவரும் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நாலைந்து நாள் கழித்து மேஸ்திரிதான் வந்து சொன்னார். அரை நைட் ஷிப்ட் முடிந்து மில் பஸ் ஊருக்குள் போய் இறக்கிவிட நள்ளிரவு தாண்டிவிடும். அந்த ஸ்டாப்பில் ஒன்பது வருடமாக ஒரு நாய் அவருக்காகக் காத்திருந்து, வீடு வரை கூட வரும். அது லாரியில் அடிபட்டுவிட்டது. இந்த மனிதர் அந்த ஸ்டாப்பில் இறங்க முடியாமல் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார்.

அவரைக் கூப்பிட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “நாய் பேர் என்னங்க?” என்று கேட்டேன். “மணிங்க சார்” என்றார், அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அவர் பொய் சொன்னதற்குக் காரணம், உண்மையைச் சொன்னால் அது இங்கே ஒரு காரணமாக எண்ணப்படாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நினைப்பை உண்டாக்கி வைத்திருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். அந்தப் பொய் அவரிடமிருந்து இன்னொன்றையும் பறித்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க ஒருத்தரும் அவரிடம் துக்கம் விசாரிக்கவில்லை. யாருக்கும் தெரியாதே! (ரிங் ஃப்ரேமில் கவனம் சிதறினால் விரல் போகும். அப்படி ஒருவரை மெஷினில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதையும் நான் அன்று யோசிக்கவில்லை. மேலாளர்கள் யாராவது படித்தால் இதை நினைவில் வையுங்கள்.)

உங்களுக்கும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் இறந்தால் வீடு நிறைந்துவிடுகிறது. பந்தல், நாற்காலி, பக்கத்து வீட்டிலிருந்து காபி, மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று ஏதோ ஒரு வேலை நம்மை இழுத்துக்கொண்டே போகும். வருகிறவர்களிடம் எப்படி இறந்தார் என்று ஐம்பது தடவை சொல்லிச் சொல்லி, ஐம்பதாவது தடவை குரல் நடுங்காமல் வந்துவிடும். நாய் இறந்தால் யாரும் வர மாட்டார்கள். சொல்லவும் ஆள் கிடையாது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா இப்படிப்பட்ட துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம்’ என்று சொல்லலாம். வெளியே காட்டி அழ உரிமை இல்லாத துக்கம். இழப்பு சிறியது என்பது அதற்கு அர்த்தமில்லை, துக்கப்பட உனக்கு இடமில்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். செல்லப் பிராணியின் இறப்பு அதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம்.

இது நம்மூரில் இல்லாத புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊர்க் கோயில் காளை இறந்தால் மாலை போட்டு, கொட்டடித்து, ஊரே கூடி அடக்கம் செய்வதைத் தென்மாவட்டங்களில் இன்றும் பார்க்கலாம். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைபயிற்சியில் சரிந்து விழுந்து இறந்தபோது ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டு அழுதார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வர்களைக் கடித்துத் தன் தலைவனின் பக்கத்திலேயே காத்திருந்த கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கி, பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு. 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. கோயில் யானைக்கும் உங்கள் நாய்க்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். லட்சுமியை ஊருக்கே தெரியும், அதனால் ஒருவரை ஒருவர் பார்த்து அழ முடிந்தது. உங்கள் நாயை உங்களுக்கும், அதிகம் போனால் பால்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். அதனால்தான் காரணத்தை மறைக்காதீர்கள் என்கிறேன். உண்மையான காரணம் எழுதிய லீவு லெட்டர்தான் உங்களைத் துக்கம் விசாரிக்க ஒருத்தருக்காவது வழி திறந்துவிடும்.

லெட்டர் நீளமாக வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், நாயின் குணத்தையெல்லாம் விளக்கவும் வேண்டாம். ‘என்னுடன் 11 ஆண்டுகள் இருந்த நாய் ஞாயிறு இரவு இறந்துவிட்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாள் சி.எல். வேண்டுகிறேன். நிலுவையில் உள்ள பில்களை யாரிடம் ஒப்படைத்திருக்கிறேன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.’ இவ்வளவுதான். வேலை நிற்காது என்ற அந்தக் கடைசி வரிதான் மேலாளருக்கு முக்கியம். பெரும்பாலான மறுப்புகள் காரணத்தைப் பார்த்து வருவதில்லை, மாதக் கடைசியில் பில் தேங்கிவிடுமோ என்ற பயத்தில் வருகின்றன.

திங்கட்கிழமைக் காய்ச்சலை என்ன செய்வது? நானாக இருந்தால் மேலாளரை நேரில் பார்த்து, “அன்னிக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு, உண்மையில் இதுதான் நடந்தது, அந்த நாளை சி.எல்.லா மாத்திக்கலாமா?” என்று கேட்பேன். ஒரு நாளை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது எச்.ஆர். வேலையில் தினமும் நடப்பது. இதில் கொஞ்சம் அபாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. கடுப்பான மேலாளராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். ஆனால் தானாக வந்து சொன்னவரிடம் வருகிற கோபமும், பின்னால் தெரிய வந்தால் வருகிற கோபமும் ஒன்றல்ல. அவர் குணம் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும், அந்த முடிவை உங்களிடமே விடுகிறேன். இனிமேல் மருத்துவச் சான்றிதழ் ஏதாவது வாங்கி அந்தப் பொய்யை நீட்டிக்க மட்டும் வேண்டாம். லீவு பொய்யை மறந்துவிடுவார்கள், பொய்ச் சான்றிதழை மறக்க மாட்டார்கள்.

நிஜமாகவே உடம்பு முடியவில்லை என்றால் கதை வேறு. தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் அது நோய் விடுப்புதான், அதில் பொய் எதுவும் இல்லை. மருத்துவரைப் பார்த்து, நாய் இறந்ததிலிருந்து இப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுக்கும் நாட்களில் பொதுவாக முதல் இரண்டு நாள் போக மீதி நாட்களுக்கு, சந்தா கட்டியிருக்க வேண்டிய நாட்கள் நிறைந்திருக்கும் பட்சத்தில், 70 சதவீத ஊதியம் கிடைக்கும். ராத்திரி தனியாக இருக்கும்போது தாங்க முடியாமல் போனால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நாய்க்காக அழுகிறேன் என்று அங்கே சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எத்தனை நாள் எடுப்பது? இனி சொல்வது முழுக்க என் அபிப்பிராயம், விதி எதுவும் கிடையாது. உங்களைப் போலத் தனியாக இருப்பவர் ஒரு வாரம் சேர்ந்தாற்போல எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆட்கள் வந்துபோகிற வீட்டில் ஒரு வாரம் இருப்பது ஒன்று. காலியான கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் இருப்பது வேறு. இரண்டு நாள் எடுங்கள். அதில் ஒரு நாள் யாராவது ஒருவர் கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போய் வந்தாலும் சரி. இன்னும் ஒரு அரை நாளைக் கையில் வைத்திருங்கள், எப்போது என்று இப்போதே தீர்மானிக்காமல். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் திடீரென்று அது தேவைப்படும். எனக்கு அப்படித்தான் ஆனது. எங்கள் வீட்டு நாய் போன அன்று சம்பளப் பேச்சுவார்த்தை இருந்தது. புதைத்துவிட்டுக் குளித்துவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, குக்கரில் அரிசி போடும்போது கை பழக்கத்தில் ஒரு பிடி கூடப் போட்டுவிட்டது. அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

முழு நாள் கிடைக்கவில்லை என்றால் வேறு வழிகளைக் கேளுங்கள். இரண்டு மணி நேரப் பர்மிஷன், காலையில் தாமதமாக வந்து மாலை சேர்த்துச் செய்வது, ஒரு வாரத்துக்கு போன் எடுக்கும் வேலையிலிருந்து விலக்கு. இந்த மூன்றாவதைப் பலருக்குக் கேட்கத் தோன்றாது. பில் சரிபார்க்கும்போது கண் கலங்கினால் யாருக்கும் தெரியாது, வாடிக்கையாளரோடு பேசும்போது குரல் உடைந்தால் சமாளிப்பது கஷ்டம்.

‘இதற்கு லீவு கொடுத்தால் நாளைக்கு மீன் தொட்டி மீனுக்கும் கேட்பார்களே’ என்று சில மேலாளர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் இது. 12 நாள் சி.எல். ஏற்கெனவே அந்த ஊழியருடையது. அதை அவர் எதற்குச் செலவு செய்தாலும் நிறுவனத்துக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகப் போவதில்லை. அதற்கு மேல் தனியாக ஊதிய விடுப்பு தருவதா என்பது வேறு கேள்வி, அது நிறுவனத்தின் விருப்பம். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இத்தாலியில் கோர்ட்டே கொடுத்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மை. 2017இல் ரோம் நகரில் ஒரு பல்கலைக்கழக ஊழியருக்கு இரண்டு நாள் ஊதியத்துடன் விடுப்பு கிடைத்தது உண்மைதான். ஆனால் அது நோயுற்ற நாயைக் கவனித்துக்கொள்ளக் கிடைத்தது, இறந்ததற்காக அல்ல. உங்கள் அலுவலகத்தில் அதைக் காட்டி வாதம் செய்ய வேண்டாம். சி.எல். இருக்கும்போது வாதமே தேவையில்லை.

சிரிப்பார்களா என்று கேட்டீர்களே, ஒருவர் இருவர் சிரிக்கலாம், அப்படி நடக்காது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ‘இன்னொண்ணு வாங்கிக்கோ’ என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, ஒருவர் வாய் திறந்து சொன்னதும், அதுவரை சொல்லாமல் இருந்த இன்னொருவர் மெல்ல வந்து தன் வீட்டுப் பூனையைப் பற்றியோ, சின்ன வயதில் அப்பா விற்றுவிட்ட கன்றுக்குட்டியைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

கடைசியாக, மீதமிருக்கும் சிறுநீரக மருந்துகளையும் உணவுப் பையையும் பற்றி. அவற்றை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று இல்லை. பிரிக்காத மருந்து இருந்தால், அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதே நோயோடு வேறு யாருடைய நாயாவது அவரிடம் வந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை போனால் போதும், அதற்கு லீவு போட வேண்டியிருக்காது.